கணினி அறிவியல் படித்தும் மருத்துவம் போகலாம்

டாக்டராக விரும்பும் பிள்ளைகள் உயிரியலில்தான் பட்டம் வாங்க வேண்டும் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. என் மகள் இங்கே கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. மருத்துவக் கல்லூரிக்கும் தயாராகிறாள். பட்டம் எதுவாக இருந்தாலும் சரி, உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் பாடங்களை ஆய்வக வகுப்போடு முடிக்க வேண்டும். உயிர்வேதியியலும் பல கல்லூரிகள் கேட்கின்றன. அப்புறம் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்ணப்பத்தில் அறிவியலுக்கென்று தனியாக ஒரு மதிப்பெண் சராசரி கணக்கிடுவார்கள். அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் மட்டும்தான். கணினிப் பாடங்கள் சேராது. அல்காரிதம் வகுப்பில் அவள் வாங்கிய 'ஏ' அந்தக் கணக்குக்கு உதவாது, கரிம வேதியியலில் வாங்கிய 'பி' அப்படியே நிற்கும். இதை முதல் வருடமே யாராவது சொல்லியிருக்கலாம். கரிம வேதியியல் எடுத்த செமஸ்டரில் ஆய்வக அறிக்கையும் புரோகிராமிங் புராஜெக்டும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. தூங்காமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இப்போது கனமான பாடங்கள் இரண்டை ஒன்றாக எடுப்பதில்லை. எம்கேட்டைக் கோடை விடுமுறைக்குத் தள்ளிவிட்டாள்.

கணினியை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் படங்களைப் படிக்கும் மென்பொருள் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுகிறாள்.