ஐ ஆஃப் த பிஹோல்டர் முதலாவது அல்ல

பாதாள அறைகளுக்குள் நம் கண்வழியே நடக்கும் கணினி விளையாட்டுகளில் நிகழ்நேரத்தில், அதாவது நம் முறைக்காகக் காத்திராமல், ஓடிய முதலாவது ஐ ஆஃப் த பிஹோல்டர் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஆண்டைப் பார்த்தாலே கணக்கு உதைக்கிறது. அது வந்தது 1991இல். எஃப்டிஎல் நிறுவனத்தின் டஞ்சன் மாஸ்டர் 1987இலேயே அட்டாரி எஸ்டி கணினியில் வந்துவிட்டது. தீப்பந்தம் மெல்ல மங்குவது, பசி, தாகம் எல்லாம் அதில் உண்டு. அரக்கன் வாசலில் நிற்கும்போது பொத்தானை அழுத்திக் கதவை அவன் தலையில் இறக்கலாம். நாம் யோசித்து முடிக்கும்வரை அவன் காத்திருக்க மாட்டான். அதற்காக டஞ்சன் மாஸ்டருக்கும் 'முதல்' பட்டம் கட்டிவிட வேண்டாம். 1982இல் வந்த டஞ்சன்ஸ் ஆஃப் டாகொராத்தும் நிகழ்நேரம்தான். அதில் உடல்நிலையைச் சொல்வது எண் அல்ல, இதயத் துடிப்பு. ஐ ஆஃப் த பிஹோல்டர் நல்ல விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நடந்தது டஞ்சன் மாஸ்டர் போட்ட பாதையில்.