"நாய்தானே"ன்னு இன்னொரு தடவ எங்கிட்ட சொல்லாதீங்க

எங்க நாய் சின்னான் செத்ததுல இருந்து யாரப் பார்த்தாலும் ஒரே பேச்சு. "நாய்தானே, விட்டுத்தள்ளு." கேரளா இடுக்கி மலையில இருக்கிற எங்க பூப்பாறை கடைத்தெருவுக்கு இறங்கினா சாயாக்கடையில சொல்றாங்க. ஏலக்காட்டுல காய் எடுக்கிற இடத்துல சொல்றாங்க. போடியில இருந்து எங்க சித்தி போன் போட்டுச் சொல்லுது, சொன்ன கையோட காய் என்ன விலை போகுதுன்னு கேக்குது. சொல்றவங்களுக்கு அது ஆறுதல். கேக்குற எனக்கு வயிறு எரியுது.

மனுஷன் செத்தா நம்ம ஊர்ல என்ன நடக்கும்? பகையாளிகூட வாசல் வரைக்கும் வந்து நிப்பான். எப்ப, எப்படி, கடைசியா என்ன சாப்பிட்டாருன்னு கேப்பாங்க. அதே கதைய வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவோம், அவங்களும் உக்காந்து கேப்பாங்க. அடுப்பு பத்த வைக்க விடமாட்டாங்க, பக்கத்து வீட்டுல இருந்து சோறு வரும். பதினாறாம் நாள் காரியம் முடியிற வரைக்கும் "இன்னுமா அழுற"ன்னு ஒரு வாய் கேக்காது. பேசிப் பேசி மனசு ஆறட்டும்னுதானே பெரியவங்க இதையெல்லாம் வச்சாங்க? எனக்குக் காரியம் வேணாம், பந்தல் வேணாம். "எப்படிய்யா ஆச்சு?" இந்த ஒரு கேள்வி ஏன் யார் வாயிலயும் வரமாட்டேங்குது?

கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தான். சோத்தத் திங்கல. வாயில ஒரு மாதிரி வாடை. வயசாச்சு, குளிர் வேறன்னு இருந்தோம். வாந்தி எடுக்க ஆரம்பிச்சதும் போடிக்குக் கொண்டு போலாம்னு ஜீப்ப நிறுத்தினா, ஆளுங்க ஏறுற வண்டியில நாய ஏத்த முடியாதுன்னுட்டாங்க. தினமும் காலையில வேலைக்கு ஆள இடிச்சு இடிச்சு ஏத்திட்டு மேல வர்ற ஜீப்பு அது. சாயங்காலம் கீழ போறப்ப ஒரு நாய்க்கு என் காலடியில இடமில்ல. கெஞ்சிக் கேட்டு ஒரு காய்கறி வண்டியில ஏறி, போடிமெட்டு மலைப்பாதையில 17 கொண்டை ஊசி வளைவும் மடியில படுக்க வச்சுத்தான் கொண்டு போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. கிட்னி வெளிய தள்ளவேண்டிய கிரியாட்டினின்ங்கிற கழிவு ஏகத்துக்கும் ஏறிக் கிடக்கு, ரெண்டு கிட்னியும் போச்சுன்னாங்க. குளுக்கோஸ் ஏத்தினாங்க. அது ஏறிட்டு இருக்கும்போதே போயிட்டான்.

இதச் சொன்னா உடனே ஒருத்தன், "முன்னாடியே பார்த்திருக்கலாம்ல?" டாக்டரே சொன்னாரு, நாய்க்குக் கிட்னி முக்கால்வாசி கெட்ட பிறகுதான் ரத்தத்துல அந்தக் கிரியாட்டினின் ஏறவே செய்யும்னு. அதுவரைக்கும் வெளிய ஒண்ணும் பெருசாத் தெரியாது. வலிய மறைக்கிறது நாயோட சுபாவம். எனக்கும் என் பொண்டாட்டிக்கும் இது தெரிஞ்சும் ராத்திரி தூக்கம் வரல. வெந்த புண்ணுல வந்து வேல் எதுக்குப் பாய்ச்சுறீங்க?

அப்புறம் புதைக்கிற பாடு. நாங்க இருக்கிற இடம் எஸ்டேட்டோடது. ஒரு குழி தோண்டணும்னாலும் அனுமதி கேக்கணும். "எதுக்கு இந்தக் கஷ்டம், பன்னியார் ஆத்துல போட்டுட்டு வா"ன்னு ஒரு பெரிய மனுஷன் யோசனை சொன்னார். ஆத்துலயா? கீழ எத்தன வீட்டுக்காரங்க அந்தத் தண்ணியில புழங்குறாங்க! அதவிட, அவனைத் தூக்கி ஆத்துல எறியிறதுக்கா இத்தன வருஷம் வளர்த்தேன்? காட்டுப்பன்னி தோண்டாத ஆழத்துக்கு வெட்டணும்னா பாறை வந்து கடப்பாறை தெறிக்குது. பக்கத்து வீட்டுச் சேச்சி மட்டும் ஒண்ணும் பேசாம கல்லப் பொறுக்கிப் போட்டுச்சு. சாயங்காலம் கஞ்சி கொண்டு வந்து வச்சுட்டு, "எந்தா பற்றியே?"ன்னு, என்ன ஆச்சுன்னு மலையாளத்துல கேட்டுச்சு. இந்த ஊர்ல என்னக் கேட்ட ஒரே ஆள் அதுதான். நம்ம சாதிசனம் ஒண்ணும் கேக்கல.

பக்கத்துச் சின்னக்கானல்ல 2023ல அரிக்கொம்பன்ங்கிற காட்டு யானைய மயக்க ஊசி போட்டு லாரியில ஏத்தினப்ப கேரளா முழுக்க எத்தன பேர் கண்ணு கலங்கினாங்க! நான் அதக் குத்தம் சொல்லல. ரேஷன் கடைய உடைச்சு அரிசி தின்ன யானைதான், ஆனா பிறந்த காட்ட விட்டுப் போகுதேன்னு எனக்கும் மனசு கனத்துச்சு. யானைக்கு அழுதா இரக்க குணம், நாய்க்கு அழுதா பைத்தியமா? ராத்திரியில யானை இறங்குறத எனக்குச் சொன்னது வனத்துறையோட சைரன் இல்ல. சின்னானோட குரல்தான். மனுஷன் வந்தா ஒரு விதமாக் குரைப்பான், யானைன்னா வேற மாதிரி, தொண்டைக்குள்ள இருந்து இழுத்து. அதக் கேட்டுத்தான் நாங்க வெளிய போகாம உசுரோட இருந்தோம்.

பெட்டிமுடிய மறந்துட்டீங்களா? 2020 ஆகஸ்ட்ல மூணாறு ராஜமலைக்குப் பக்கத்துல மலை சரிஞ்சு, எஸ்டேட் லயத்து வீடுகளோட 70 பேர் போனாங்க, அத்தனையும் நம்ம தமிழ்த் தொழிலாளி குடும்பங்க. அங்க குவின்னு ஒரு நாய் நாள் கணக்கா ஆத்தோரமா அலைஞ்சு, தன்னோட வெளையாடின குழந்தையோட உடம்பக் கண்டுபிடிச்சுக் கொடுத்துச்சு. அப்ப எல்லாரும் அந்தப் படத்த வாட்ஸ்அப்ல வச்சீங்க. நாய் மனுஷனுக்காகத் துக்கப்பட்டா மெய்சிலிர்க்குது. மனுஷன் நாய்க்காகத் துக்கப்பட்டா மட்டும் ஏன் இளக்காரம்?

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்ல, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. வீரனோட அவன் நாயையும் செதுக்கி, கள்ளனக் கடிச்சுக் காவல் நின்ன அந்த நாயோட பேரு கோவிவன்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. 1,400 வருஷம் ஆகப் போகுது. அந்த ஊர்க்காரங்க எவனும் "நாய்தானே, பேரு எதுக்கு"ன்னு உளிய வாங்கி எறியல.

மறுநாள் வேலைக்குப் போகல, கூலி போச்சு. அதுல எனக்கு வருத்தமில்ல. ஏன் வரலன்னு கேட்ட மேஸ்திரிகிட்ட உள்ளதச் சொன்னேன். சுத்தி நின்னவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதான் ஆறல. அடுத்த தடவ காய்ச்சல்னு பொய் சொல்லுன்னு ஒருத்தர் புத்தி வேற சொல்றார். எங்க பொண்ணுகிட்ட பள்ளிக்கூடத்துல "நாய்க்கெல்லாம் அழக்கூடாது"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அவ நடக்கப் பழகினதே அவன் முதுகப் பிடிச்சுத்தான். அந்தப் புள்ளைக்கு அழக்கூடாதுன்னு சட்டம் போட நீங்க யாரு?

கடைசியா குட்டி கொண்டு வர்றேன்னு சொல்ற மகராசனுங்களுக்கு. செருப்பு அறுந்தா புதுசு வாங்குற மாதிரி இத நெனைக்காதீங்க. என்னைக்காவது எங்களுக்கே தோணுச்சுன்னா நாங்களே தேடிப் போய் எடுத்துக்குவோம். ஞாயித்துக்கிழமை சாக்குப் பையில குட்டியப் போட்டுட்டு வந்து என் வாசல்ல நிக்காதீங்க, திருப்பி அனுப்பிடுவேன், அதுக்கும் கோவிச்சுக்காதீங்க. சின்னான் எப்படியாப்பட்டவன்னு கேக்கணும்னா மட்டும் வாங்க. கட்டஞ்சாயா போட்டுத் தர்றேன். எவ்வளவு நேரம்னாலும் சொல்றேன்.