எதுவும் கலவாத நீரின் புகழ்

இங்கிலாந்தின் வொர்செஸ்டர்ஷயரில், மால்வெர்ன் குன்றுகளின் கிழக்குச் சரிவில் அமைந்த மால்வெர்ன் வெல்ஸ் என்னும் சிற்றூருக்குப் புகழ் தந்தது நோய் தீர்க்கும் அதன் ஊற்றுநீர் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோயாளிகளுக்கு நன்மை செய்தது பெரும்பாலும் மலைதான்.

இவ்வூரின் ஹோலி வெல் ஊற்றுநீரை 18ஆம் நூற்றாண்டில் பரவலாக அறியச் செய்தவர் வொர்செஸ்டர் நகர மருத்துவர் ஜான் வால். (அந்நகரின் பெயர்பெற்ற பீங்கான் தொழிற்சாலையைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் இவரே.) மால்வெர்ன் நீரை ஆராய்ந்து 1756இல் நூல் வெளியிட்ட அவர், அதன் சிறப்பே தூய்மைதான் என்றார். தாதுக்கள் மிகுந்த, நாவுக்கு ஒவ்வாத நீரையே மருந்தாக மதித்த அக்காலத்தில், எதுவுமே இல்லாததற்காகப் பெயர்பெற்ற நீர் என்று அவரைச் சீண்டும் பாட்டு எழுந்ததில் வியப்பில்லை. மிகப் பழைய கடினப் பாறையின் விரிசல்கள் வழியே இறங்கும் மழைநீருக்குக் கரைத்துக்கொள்ள அங்கு அதிகம் ஏதுமில்லை என்பதே அந்தத் தூய்மைக்குக் காரணம்.

1842இல் ஜேம்ஸ் வில்சன், ஜேம்ஸ் கல்லி என்னும் மருத்துவர்கள் பக்கத்து ஊரான கிரேட் மால்வெர்னில் நீர்ச்சிகிச்சையைத் தொடங்கிய பின் வசதி படைத்தோர் திரண்டு வந்தனர். ஈரத்துணியில் சுற்றிக் கிடத்துவார்கள். உயரத்திலிருந்து குளிர்நீரைக் கொட்டுவார்கள். மதுவையும் கொழுத்த உணவையும் விலக்கி, காலையில் மலையேறி ஊற்றுநீர் பருகச் சொல்வார்கள். இவற்றுள் கடைசி இரண்டு போதாதா என்று கேட்கத் தோன்றுகிறது. 1849இல் கல்லியிடம் வந்த சார்லஸ் டார்வின் உடல் தேறியதாக உணர்ந்தார்; அந்த நம்பிக்கையில் 1851இல் அழைத்து வந்த மகள் ஆனியோ, பத்து வயதில் அங்கேயே இறந்தாள். சிகிச்சையின் பெருமை பேசுவோர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே 1851இல், லண்டன் மாபெரும் கண்காட்சியில் ஷ்வெப்ஸ் நிறுவனம் ஹோலி வெல் நீரைப் புட்டிகளில் விற்றது. சிகிச்சை மோகம் பின்னர் அடங்கியது. இன்று இவ்வூரில் பழைய கோல்ஃப் மைதானமும், வேளாண் கண்காட்சிகளும் மலர் விழாக்களும் நடக்கும் பெரிய திடலும் உள்ளன. இசையமைப்பாளர் எல்கர் 1899 முதல் சில ஆண்டுகள் குடியிருந்த வீடும் இங்குதான்.

ஆயினும் இவ்வூரின் தலையாய வசதி என்று நான் கருதுவது 1884ஆம் ஆண்டின் சட்டம். குன்றுகளின் பொதுநிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க அது ஒரு பாதுகாவலர் அமைப்பை நிறுவியிராவிட்டால், 425 மீட்டர் உயரச் சிகரம் வரை எவரும் கட்டணமின்றி நடக்கக்கூடிய இச்சரிவுகளில் பெரும்பகுதி செல்வர் மாளிகைகளின் வேலிக்குள் போயிருக்கும்.