மூன்றாவது குறி

இலங்கையில் லீவு கூடிப்போச்சு, குறைக்கவேணும் என்று வருசா வருசம் ஒரு கூட்டம் கிளம்பும். ஏறத்தாழ 25 நாள், அதில் பாதி போயா (பௌத்தர்களின் பௌர்ணமி லீவு), நாடு எப்படி உருப்படும் என்று கேட்பார்கள். எண்ணிக்கையில் எனக்குச் சண்டை இல்லை. அந்த லீவு யாருக்குக் கிடைக்குது என்பதில்தான் சண்டை.

காலண்டரை எடுத்துப் பாருங்கோ. ஒவ்வொரு லீவுக்குப் பக்கத்திலும் சின்னக் குறிகள் இருக்கும்: அரச, வங்கி, வர்த்தக விடுமுறை. மூன்றாவதான வர்த்தகக் குறிதான் தனியார் கம்பனிகளுக்கு. தைப்பொங்கலுக்கு மூன்றும் உண்டு. வெசாக்குக்கு அடுத்த நாளுக்குக்கூட மூன்றும் உண்டு. தீபாவளிக்கு இரண்டுதான், வர்த்தகக் குறி இல்லை. நோன்புப் பெருநாளுக்கும் பெரிய வெள்ளிக்கும் அதே கதை. அரச கந்தோர்க்காரர் வீட்டில் எண்ணெய் வைத்து முழுக, தனியார் கம்பனியில் நிற்கிறவர் தன்ர சொந்த லீவில் ஒன்றை எழுதிக் கொடுக்கவேணும். அதுவும் மனேஜர் மனம் வைத்தால்.

அநேகமான போயாக்களுக்கும் அந்த மூன்றாவது குறி இல்லையே என்பீர்கள். ஆனால் போயாவில் வேலைக்குக் கூப்பிட்டால் ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்கவேணும் என்று 1971 ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் சொல்லுது. தீபாவளிக்கு அந்தக் காப்பும் கிடையாது.

அந்தச் சட்டம் வந்த கதை சுவாரசியமானது. 1966இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை லீவையே தூக்கிவிட்டு, அமாவாசை, பூரணை, இடையில் வருகிற இரண்டு அரைப் பிறை என்று நாலுக்கும் போயா லீவு என்றது. இந்தக் கிழமை லீவு செவ்வாய் என்றால் பிறகு ஒருநாள் அது புதனாகிவிடும். ஒரு வாரம் ஏழு நாள், இன்னொரு வாரம் எட்டு நாள். வேதக்காரர் ஞாயிறு பூசையை வேலை நாளில் பார்க்கவேண்டியதாயிற்று. வெளிநாட்டு வியாபாரத்துக்கும் நாட்கள் ஒத்துவரவில்லை. 1971இல் சிறிமாவோ அரசாங்கம் ஞாயிற்றைத் திருப்பித் தந்து, பூரணைப் போயாவை மட்டும் வைத்துக்கொண்டது.

போயாவன்று சட்டம் சாராய பாரைப் பூட்டும், இறைச்சிக்கடையைப் பூட்டும், ஆனால் ஒருவரையும் சீலம் எடுக்க (பௌத்த விரதம் பிடிக்க) வைக்காது. போயாவுக்கு முதல்நாள் பின்னேரம் பார் வாசலில் நிற்கிற கியூவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் போயாவால் எங்களுக்கும் ஆதாயம் இல்லாமல் இல்லை. சித்திராப் பௌர்ணமி அநேகமாகப் போயாவோடு வந்துவிடும். செத்துப்போன அம்மாவை நினைத்து விரதம் பிடித்து, கோயிலில் சித்திரபுத்திரனார் கதை கேட்டு, கஞ்சி குடித்துவிட்டு வரலாம். அப்பாவுக்குரிய ஆடி அமாவாசைக்கு லீவு இல்லை. தர்ப்பணம் செய்துவிட்டு ஈரத் தலையோடு பஸ் பிடிக்கவேணும். சிவராத்திரிக்கு அரச லீவு இருக்கு, ஆனால் பகலுக்கு. ராத்திரி முழுக்க முழித்திருந்தவர் அடுத்த நாள் காலமை கண் எரிய வேலைக்குப் போகிறார். லீவு நாளைக் குறித்தவர்களில் ஒருவராவது நாலு சாமம் முழித்திருப்பாரோ என்பது எனக்குச் சந்தேகம்.

லீவைக் குறைக்கச் சொல்லுகிறவர்கள் முதலில் தீபாவளி, பெருநாள், பெரிய வெள்ளி மூன்றுக்கும் அந்த வர்த்தகக் குறியை வாங்கித் தரட்டும். பதிலுக்குச் சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் லீவை எடுத்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன். வீட்டில்தான் சண்டை வரும், பலகாரம் சுடுகிற நாள் அது.