மமதா சங்கர் சும்மா நிற்கும்போது

'நேர்கொண்ட பார்வை' பார்த்தவர்களில் பலர் அதன் இந்தி மூலமான 'பிங்க்' (2016) படத்தையும் பார்த்திருப்பீர்கள். அதில் அமிதாப் பச்சனின் மனைவியாக, படுத்த படுக்கையாக ஒரு பெண்மணி வருவார். வசனம் மிகக் குறைவு. தமிழில் அந்த இடத்துக்கு வித்யா பாலன் வந்தார், கூடவே ஒரு பாட்டும் வந்தது. இந்தி மூலத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது என் தங்கை கேட்டாள்: "அந்த அம்மா யாருக்கா? பார்த்துக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சே?"

அவர் வங்காள நடிகை மமதா சங்கர். அன்றைக்குப் பார்க்கிங்கில் நின்றபடி தங்கைக்குச் சொல்ல ஆரம்பித்தது இன்னும் எனக்குள் முடியவில்லை. இந்தப் பதிவு அதன் மிச்சம்.

முதலில் குடும்பக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேயேதான் நின்றுவிடுகிறார்கள். நடனக் கலைஞர் உதய சங்கரின் மகள். சிதார் ரவிசங்கர் சித்தப்பா. இசையமைப்பாளர் ஆனந்த சங்கர் அண்ணன். அம்மா அமலா சங்கரும் பெரிய நடனக் கலைஞர், 101 வயது வரை வாழ்ந்தவர். உதய சங்கர் 1923-இல் ரஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவோடு லண்டன் மேடையில் ஆடியவர். இமயமலை அடிவாரத்தில் அல்மோராவில் அவர் நடத்திய கலை மையத்தில் பரதம் சொல்லிக்கொடுத்தவர் நம் கந்தப்பா பிள்ளை, பாலசரஸ்வதியின் குரு. உதய சங்கரும் அமலாவும் நடித்த 'கல்பனா' 1948-இல் வந்தது. அதைப் படமாக்கியது நம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். பத்மினி திரையில் முதன்முதலில் ஆடியதும் அந்தப் படத்தில்தான். மமதா பிறந்தது அதற்கு ஏழு வருஷம் கழித்து, 1955-இல்.

சரி, இவ்வளவு பெரிய நடனக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் சினிமாவுக்கு வந்தால் என்ன நடக்கும்? நம் ஊர் வழக்கப்படி யோசித்தால் படத்துக்கு இரண்டு நாட்டியமாவது வைத்திருப்பார்கள். அவருக்கு வாய்த்த இயக்குநர்கள் அப்படிச் செய்யவில்லை. 1976-இல் வங்காள இயக்குநர் மிருணாள் சென் 'மிருகயா'வில் அவரைப் பழங்குடிப் பெண்ணாக, வேட்டைக்காரனின் மனைவியாக அறிமுகப்படுத்தினார். அந்த வேட்டைக்காரன் மிதுன் சக்ரவர்த்தி, அவருக்கும் அதுதான் முதல் படம். படத்துக்கும் மிதுனுக்கும் தேசிய விருது கிடைத்தது. அடுத்த வருஷமே சென் தெலுங்கில் 'ஒக ஊரி கதா' எடுத்தார், இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் 'கஃபன்' கதையைத் தழுவி. அதில் வேலைக்கே போகாத மாமனாருக்கும் கணவனுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பிரசவத்தில் செத்துப்போகும் மருமகளாக மமதா.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் படம் 'ஏக் தின் பிரதிதின்' (1979). பழைய கல்கத்தா வீட்டில் ஒரு பெரிய குடும்பம். மூத்த மகள் சினுவின் சம்பளத்தில்தான் மொத்த வீடும் ஓடுகிறது. ஒருநாள் அவள் ஆபீஸிலிருந்து திரும்பவில்லை. அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைகிறார். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறக்கின்றன. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை என்று இரவெல்லாம் தேடுகிறார்கள். படத்தின் பெரும்பகுதி மமதா திரையிலேயே இல்லை. விடியப் போகும் நேரத்தில் வருகிறார். உயிரோடு வந்துவிட்டாளே என்ற நிம்மதி ஒருவர் முகத்திலும் இல்லை, எங்கே போனாய் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. சினு அப்படியே நிற்கிறாள். இராப்பொழுது முழுக்க அந்த வீட்டில் நடந்தது அத்தனையும் அவளுக்குப் புரிவதை நாம் அந்த முகத்தில் பார்க்கிறோம். எங்கே போயிருந்தாள் என்று படம் கடைசிவரை சொல்வதே இல்லை. மறுநாள் காலை அம்மா வழக்கம்போல் அடுப்பு பற்ற வைக்கிறாள்.

அந்த நிற்றல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. தங்கை மகளை பரத வகுப்பில் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை. ஒருநாள் டீச்சர் அடவே, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளே, சொல்லித்தரவில்லை. அரைமண்டியில் உட்காரச் சொன்னார், எழுந்து நிற்கச் சொன்னார், மறுபடி உட்காரச் சொன்னார். பிள்ளைகளுக்குத் தொடை நடுங்கியது. "கை, கால் எல்லாம் அப்புறம். சும்மா நிற்கும்போதும் முதுகு ஆடணும்," என்றார். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது புரிந்ததோ இல்லையோ, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு சினு ஞாபகம் வந்தாள். சிறு வயது முதல் அம்மாவிடம் உடம்பைப் பழக்கிய ஒருவரால்தான் ஒன்றுமே செய்யாமல் இவ்வளவு சொல்ல முடியும். நடனம் அவர் நடிப்புக்குள்தான் போயிருக்கிறது. வெளியே தெரியாததால் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1982 என்ற ஆண்டை மட்டும் பாருங்கள். மிதுன் 'டிஸ்கோ டான்ஸர்' ஆகி நாடு முழுக்க ஆடவைத்தார். அதே ஆண்டில் முறையாக நடனம் கற்ற மமதா 'காரிஜ்' படத்தில், ஒரு நடுத்தர வர்க்க ஃபிளாட்டில், குற்றவுணர்ச்சியோடு சுவரோரம் ஒதுங்கி நிற்கும் மனைவி. வேலைக்கு வைத்திருந்த சிறுவன் குளிர் தாங்காமல் அடுப்பு இருக்கும் சமையலறையில் போய்ப் படுத்து, கரிப்புகையில் செத்துப்போகிறான். அந்தப் பையன் எங்கே தூங்குகிறான் என்று ஒருநாளும் யோசிக்காத வீடு அது. மறுவருஷம் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கிய படம். கணவனாக வரும் அஞ்சன் தத் பதற்றத்தில் பேசிக்கொண்டே இருப்பார். மமதா பேச்சை நிறுத்தும் இடங்களில்தான் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அப்புறம் சத்யஜித் ராயின் கடைசி மூன்று படங்களிலும் இருந்தார். ரிதுபர்ணோ கோஷின் 'உத்சவ்', 'அபஹமான்' இரண்டிலும் இருந்தார். இவ்வளவு பேர் தேடி வந்தும் படங்கள் குவியவில்லை. அதற்கு நான் வருத்தப்பட மாட்டேன். 1978-லேயே சொந்த நடனக் குழு ஆரம்பித்தார், 1986-இல் 'உதயன்' என்று நடனப் பள்ளி. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அங்கே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். வயதான நடிகைக்கு சினிமா அம்மா வேஷம் தருமா தராதா என்று காத்திருக்க வேண்டிய நிலை அவருக்கு வரவே இல்லை. நடிகைகளின் வாழ்க்கையைப் பேசும்போது இதை நாம் பேசுவதே இல்லை, அது எனக்குக் கோபம். 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோதும் நான் பார்த்த குறிப்புகளில் முதல் வரி உதய சங்கரின் மகள் என்றே இருந்தது.

அவர் சொல்வதெல்லாம் எனக்கு ஏற்பு என்றில்லை. 2024-இல் இன்றைய பெண்கள் சேலை கட்டும் விதம் பற்றி ஒரு பேட்டியில் அவர் பேசியது வங்காளத்தில் பெரிய சர்ச்சையானது. எனக்கும் அதில் துளியும் உடன்பாடில்லை. சினுவாக நின்றவர் வாயிலிருந்து அது வந்தது வலித்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுத மனம் வரவில்லை.

இருந்தாலும் 'ஆகந்துக்' (1991) கடைசிப் பகுதியைப் போட்டால் நான் மறுபடி உட்கார்ந்துவிடுவேன். வருஷக்கணக்கில் காணாமல் போயிருந்த மாமா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வருகிறார், உத்பல் தத். நம்புவதா வேண்டாமா என்று தவிக்கும் கல்கத்தாக் குடும்பத்தலைவி மமதா. படம் முழுக்கத் தட்டு வைப்பதும் கதவு திறப்பதுமாக இருக்கிறார். கடைசியில் சந்தால் பழங்குடி கிராமத்தில் பெண்கள் வரிசையாக ஆடுகிறார்கள். முதல் படத்தில் பழங்குடிப் பெண்ணாக வந்தவர், பதினைந்து வருஷம் கழித்து நகரத்துப் பெண்ணாக அந்த வரிசையைப் பார்த்தபடி இருக்கிறார். பிறகு எழுந்து போய்க் கைகோத்துக்கொள்கிறார். உதய சங்கரின் மகள் மேடை நடனம் எதையும் அங்கே காட்டவில்லை. பக்கத்துப் பெண்ணின் காலைப் பார்த்து, அவள் எடுத்து வைப்பது போலவே தன் காலையும் எடுத்து வைக்கிறார்.