அண்ணாந்து பார்க்கும் முன் தளத்தில் ஏறிப் பாருங்கள்

சென்ற ஆண்டு ஐப்பசியில் அப்பாவைத் திருவாரூருக்கு அழைத்துப் போயிருந்தேன். தியாகேசர் தரிசனம் முடிந்ததும் தேவாசிரியன் மண்டபத்துக்குக் கூட்டிப்போய் விதானத்தில், அதாவது உட்கூரையில், வரைந்திருக்கும் ஓவியங்களைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் சொல்வதுபோல "எவ்வளவு அழகு" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "தம்பி, இதற்கு மேலே தளத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

அப்பா வாழ்நாள் முழுக்கக் கொத்தனார் வேலை செய்தவர். சிமென்ட் வருவதற்கு முன்பிருந்த சுண்ணாம்பு வேலையைத் தன் அப்பாவிடம் கற்றவர். அந்த ஒரு கேள்வி ஓராண்டாக என் மனத்தில் கிடக்கிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் அந்த விதானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி" என்று திருவாரூரைச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய கோயிலில், வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மண்டபத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். இங்கே கூடியிருந்த அடியார்களை வணங்காமல் சுந்தரர் போகிறாரே என்று விறன்மிண்டர் என்ற அடியார் கோபித்ததும், அதன் பிறகு "தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்" என்று அடியார்களைப் போற்றும் திருத்தொண்டத்தொகைப் பதிகம் பிறந்ததும் இந்த இடத்தை ஒட்டித்தான் என்கிறது பெரியபுராணம். கடந்து போகக் கூடாத மண்டபம் அது.

விதானத்தில் இருப்பது முசுகுந்தன் கதை. கயிலையில் வில்வ மரத்தின்மேல் இருந்த ஒரு குரங்கு இலைகளைப் பறித்துப் பறித்துக் கீழே போடுகிறது. கீழே சிவனும் உமையும் இருக்கிறார்கள். அதையே பூசையாக ஏற்றுக்கொண்ட இறைவன், நீ மண்ணில் சக்கரவர்த்தியாகப் பிற என்கிறார். அந்தக் குரங்கோ, பிறக்கிறேன், ஆனால் இந்தக் குரங்கு முகம் மட்டும் எனக்கு இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. பிறகு முசுகுந்தன் இந்திரனுக்காக அசுரரோடு போரிட்டு வெல்கிறான். இந்திரன் பூசித்துவந்த தியாகேசர் திருமேனியைப் பரிசாகக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதைப் போலவே ஆறு செய்வித்து ஏழையும் வரிசையாக வைக்க, முசுகுந்தன் உண்மையானதைக் கண்டுகொள்கிறான். ஏழும் அவனோடு மண்ணுக்கு வருகின்றன. திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என்ற ஏழு விடங்கத் தலங்களின் கதை இதுதான்.

இந்தக் கதை பட்டை பட்டையாக, சிவந்த காவிப் பின்னணியில் ஓடுகிறது. மகுடமும் ஆபரணமும் அணிந்த அரசன்; கழுத்துக்கு மேலே குரங்கு முகம். சுற்றிலும் மனித முகத்தோடு அமைச்சரும் வீரரும் பெண்டிரும். அவர்களில் ஒருவர்கூட அந்த முகத்தைப் பார்த்து வியக்கவில்லை, சிரிக்கவில்லை. தன் ராஜாவை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்க்கிறார்கள். ஓவியன் வரைந்தவற்றுள் என்னை அதிகம் தொட்டது இதுதான்.

காட்சிகளை ஒட்டித் தமிழில் எழுத்து இருக்கிறது. இன்னது நடக்கிறது, இன்னார் வருகிறார் என்று. புள்ளி வைக்காத பழைய எழுத்து, பழகிவிட்டால் படித்துவிடலாம். வரைந்தவன் பெயரும் அதில் இருக்கிறது: சிங்காதனம். நம் கோயில்களில் பெயர் தெரிந்த ஓவியர் எத்தனை பேர்? தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றில் வரைந்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. இவன் பெயர் தெரிகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில், மல்லாந்தபடியோ கழுத்து வலிக்க அண்ணாந்தபடியோ சாரத்தின்மேல் இருந்து இத்தனையையும் வரைந்த ஒரு மனிதனின் பெயர்.

அந்தப் பெயர் இன்றைக்கு நம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு நல்ல வேலை. பிரகிருதி அறக்கட்டளையும் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து இந்த விதானத்தைச் சுத்தம் செய்து, பெயர்ந்து நின்ற காரையை ஒட்டவைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

விதான ஓவியம் சுவர் ஓவியத்தைப் போன்றது அல்ல. சுவருக்கு ஒரு பக்கம் ஆபத்து என்றால் விதானத்துக்குத் தலைக்கு மேலேயே ஆபத்து. கல் பலகை, அதன் அடியில் மெல்லிய சுண்ணாம்புச் சாந்து, சாந்தின்மேல் வண்ணம்; அவ்வளவுதான். கல்லுக்கு மேலே இருக்கும் தளம் விரிசல் விட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுவதும் கல் பலகைகளின் இடுக்கு வழியாக இறங்கும். இறங்கும் நீர் உப்பைக் கரைத்துக் கொண்டுவரும். தை பிறந்து வெயில் ஏறும்போது நீர் காய்ந்துவிடும், உப்பு நின்றுவிடும். வண்ணத்துக்குப் பின்னால் அது பூத்துப் பருத்துச் சாந்தைத் தள்ளும். ஒரு நாள் சந்நிதியைக் கூட்டுகிற அம்மா முறத்தில் அள்ளும் தூசியில் ஒரு தேவகன்னியின் கை இருக்கும். யாருக்கும் தெரியாது.

அப்பா சுண்ணாம்புத் தளம் போட்ட கதையைச் சொல்வார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை பட்டால் துள்ளி எழும்பும் வரை அடிக்க வேண்டுமாம். அதன்மேல் தட்டோடு என்ற தட்டையான ஓடு. "அது மூச்சு விடும் தளம்" என்பார். ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். இன்றைக்கு ஒழுகுகிறது என்றால் அதன்மேல் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. மேலே அடைபட்ட ஈரம் கீழே இறங்கித்தானே ஆக வேண்டும்? கீழே ஓவியம் இருக்கிறது.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், காரணம் உண்டு. என் சொந்த ஊர்க் கோயிலின் முன்மண்டபத்தில் ஒரு ஊர்வலம் வரைந்திருந்தது. யானை, குடை, கொம்பு ஊதுகிறவர்கள், கடைசியில் ஒரு நாய். எனக்குப் பதினோரு வயதில் குடமுழுக்குத் திருப்பணி நடந்தது. கல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். இரண்டு நாளில் யானை, குடை, கொம்பு எல்லாம் மண்டபத் தரையில் செம்புழுதியாகக் கிடந்தன. ஊரே சேர்ந்து வரி கொடுத்து நடத்திய திருப்பணி. கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. ஆனால் ஒருவர்கூட ஏணியில் ஏறி அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"அந்தக் காலத்திலும் பழைய ஓவியத்தின்மேல் புதிது வரைந்தார்களே" என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. உண்மைதான். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தில் வரைந்தார்கள். ஆனால் எப்படி வரைந்தார்கள் என்று பாருங்கள். பழையதை வழித்துப் போடவில்லை. அதன்மேலேயே புதுச் சாந்து பூசி வரைந்தார்கள். அதனால்தான் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே நுழைந்தபோது, மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் ஓவியம் உயிரோடு இருந்தது. நாம் செய்வது அது அல்ல. நாம் மணலால் அடித்துக் கல் வரைக்கும் போய்விடுகிறோம். நமக்குப் பின்னால் வரும் கோவிந்தசாமிக்கு எதுவும் மிஞ்சாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவாரூரில் எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், அங்கங்கே வண்ணம் போய் வெறும் சாந்து தெரிவதைப் பார்த்து, "குறையாக இருக்கிறதே, நல்ல ஓவியரை வைத்து நிரப்பிவிடக் கூடாதா" என்று வருத்தப்பட்டார். அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன். பின்னமான திருமேனியை வைத்துக் கும்பிடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் விதானத்தில் இருப்பது பூசைக்குரிய திருமேனி அல்ல, ஒருவன் கைப்பட எழுதிய கதை. ஏட்டில் செல்லரித்த இடத்தில் நாமாக ஒரு பாட்டை எழுதிச் சேர்ப்போமா? இடம் விட்டுத்தானே பதிப்பிக்கிறோம். விதானத்திலும் போன இடம் போனதாகவே இருக்கட்டும். எனாமல் வண்ணத்தில் ஒரு கண்ணை வரைந்து சேர்த்துவிட்டால் அதன் பிறகு எது சிங்காதனம் வரைந்தது, எது நாம் வரைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களின் பழைமையைக் காக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. நல்லது. ஆனால் நான் கேட்பது அவ்வளவு பெரிய காரியம் அல்ல. ஓவியம் உள்ள ஒவ்வொரு மண்டபத்திலும் புரட்டாசி முடிவதற்குள் ஒருவர் தளத்தில் ஏறட்டும். மழைநீர் வடியும் தூம்பில் அடைத்திருக்கும் சருகை எடுக்கட்டும். வேர்விட்டிருக்கும் அரசங்கன்றை இளசாக இருக்கும்போதே நீக்கட்டும். பெயர்ந்த தட்டோட்டைச் சுண்ணாம்பு வைத்து ஒட்டட்டும். மழை விட்டதும் கீழே வந்து, எங்கே ஈரம் பூத்திருக்கிறது என்று குறித்து வைக்கட்டும். புதிய விளக்குக்கு ஒயர் இழுக்கும்போது ஓவியத்தில் ஆணி அடிக்காதபடி பக்கத்தில் நிற்கட்டும். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனார் போதும். அவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய கவலை. என் அப்பாவோடு வேலை செய்தவர்களில் இன்று இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.

ஊர்க் கோயிலில் மணலுக்குத் தப்பிய ஒரு மூலை இருக்கிறது. யானையின் பின்னங்கால் ஒன்றும் அந்த நாயும் அதில் மிஞ்சியிருக்கின்றன. இந்தப் புரட்டாசியில் அந்த மண்டபத் தளத்தைச் சுத்தம் செய்ய அனுமதி கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சுண்ணாம்பு நீற்ற வேண்டும், அப்பா இப்போதே கிளிஞ்சலுக்குச் சொல்லிவைத்துவிட்டார். தானும் ஏறுவேன் என்கிறார். அவருக்கு 78 வயது, ஏணியில் விடமாட்டேன். கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுகிறேன், அங்கிருந்து சொல்லட்டும்.