போயாவுக்கு முதல் நாள் வரிசை

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மதுச் சட்டம் மாறினாலும் வாங்கும் வயது எங்கும் 21 என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. காரணம் 1984 சட்டம். வயதைக் குறைத்து வைக்கும் மாநிலத்துக்கு மத்திய அரசின் நெடுஞ்சாலை நிதி வெட்டு. உத்தரவு போடாமல் காசைப் பிடித்தார்கள், கெட்டித்தனம்தான்!

இங்கே இலங்கையிலும் 2006 சட்டப்படி 21தான். போயா என்ற பௌர்ணமி விடுமுறை அன்று மதுக்கடைகள் பூட்டு. முதல் நாள் மாலை கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் வந்து வரிசையைப் பாருங்கள். எனக்கு விளங்காதது வேறு. பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற பழைய தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாளிலேயே அந்த நீக்கத்தை மீளப்பெறச் சொன்னார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. மனைவி போத்தல் வாங்கினால் குடும்பம் கெடுமாம், புருஷன் வாங்கினால் கெடாதாம். சரி, என்ன கணக்கோ!